ஊசி போட்ட சகலையும் ஒரு செம்பு நெய்யும்

போன ஞாயிற்றுக்கிழமை அலங்காநல்லூரில், பந்தியில் உட்கார்ந்திருந்த நாற்பது பேர் முன்னால், என்னைப் பற்றி நானே ஒரு கேவலமான உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. சொல்லாமல் விட்டிருந்தால் என் கொழுந்தியாள் தாலியறுத்திருப்பாள். சொன்னதில் என் மரியாதை போயிற்று. இந்த இரண்டில் எதை நினைத்து ஒரு வாரமாகத் தூக்கம் வராமல் புரளுகிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

விஷயம் இதுதான் — எனக்குப் பொறாமை. யார் மேல்? என் சகலை மேல். எதற்காக? அவர் தினமும் இரண்டு வேளை ஊசி போட்டுக்கொள்கிறார் என்பதற்காக!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஊசி குத்திக்கொள்கிறவனைப் பார்த்து வயிறெரிகிற ஒரே ஆள் இந்த மதுரைச் சீமையில் நானாகத்தான் இருப்பேன். ஆனால் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

பழங்காநத்தத்தில் வீடு, டவுன் ஹைஸ்கூலில் ஜாக்ரபி வாத்தியார் வேலை — இதெல்லாம் நான் எழுதுவதை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதது, எனக்கு மூன்று வருஷமாகச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்பது. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் ஆளுக்கொரு கஷாயம் தபாலில் வரும். போன தடவை முழங்கால் வலி என்று எழுதிவிட்டு நான் பட்ட பாடு போதும்.

சகலை பெயர் செல்லையா. என் மனைவி காமாட்சியின் தங்கை பாக்கியத்தைக் கட்டியவர். பெரியாற்றுக் கால்வாயில் ஓவர்சீயர். முப்பது வயது இன்னும் ஆகவில்லை. காலையில் சைக்கிளில் கால்வாய்க் கரை ஏறினால் பத்து மைல் போய்விட்டுத்தான் திரும்புவார். அப்படிப்பட்ட மனிதர் போன வருஷம் சித்திரையில் திடீரென்று இளைக்க ஆரம்பித்தார்.

எப்படி இளைத்தார் தெரியுமா? சாப்பிட்டுக்கொண்டே இளைத்தார்! பத்து இட்லி தின்பார். ஒரு மணி நேரத்தில் சோற்றுப் பானையைத் திறப்பார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார், அதே வேகத்தில் கொல்லைப்பக்கம் ஓடுவார். ஆனால் வேட்டி இடுப்பில் நிற்காது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று என் மாமியார் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். பூசணிக்காய்தான் வீண்.

ஒருநாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. புஸ் புஸ்ஸென்று மூச்சு. அந்த மூச்சில் அழுகின பழவாசனை. வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்குக் கொண்டுவந்தார்கள். மேலமாசி வீதிப் பக்கம் எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் மூச்சை மோந்து பார்த்தார். சிறுநீரைப் பார்த்தார். உடனே ஊசி ஏற்றினார். இரண்டு நாள் கண் விழிக்கவில்லை.

அன்றைக்கு நான் அழுதேன். சத்தியமாக அழுதேன். பொறாமையெல்லாம் அவர் பிழைத்த பிறகுதான்.

பிழைத்து உட்கார்ந்த அன்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் எதிரில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

"வாத்தியாரே, சோறு, இட்லி, கோதுமை, கேப்பை, கிழங்கு, வாழைப்பழம்… பேருதான் வேற. கார்போஹைட்ரேட்டுன்னு எல்லாம் ஒரே குடும்பம். வயித்துக்குள்ள போனா சர்க்கரையா மாறி ரத்தத்துல கலக்கும். ரத்தத்துல இருந்து அது உடம்புக்குப் போய்ச் சேரணும்னா இன்சுலின்னு ஒண்ணு வேணும். அது நம்ம வயித்துக்குள்ளயே ஊறுறது. ஓவர்சீயருக்கு அந்த ஊத்து வத்திப்போச்சு. அதனாலதான் தின்ன சோறு பூராம் சர்க்கரையாகி மூத்திரத்துல போயிருச்சு. உடம்பு என்ன செய்யும்? பசி தாங்காம தன்னோட கொழுப்ப எடுத்து எரிக்கும், அப்புறம் சதைய எரிக்கும். கொழுப்ப மட்டும் கண்டபடி எரிச்சா அதுவே விஷமாகும். அந்தப் பழவாசனை அதுதான். இந்த ஊசி வர்றதுக்கு முன்னாடின்னா, இவரப் பட்டினி போட்டு கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம். அம்புட்டுத்தான்."

செல்லையா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு டாக்டர் அவருக்கு உணவுப் பட்டியல் சொன்னார். அங்கேதான் எனக்கு முதல் முள் தைத்தது.

காலையும் மாலையும் ஊசி. ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பாடு — அளந்த சோறு, தயிர், இரண்டு முட்டை, கறி, அதற்கு மேல் வெண்ணெய், நெய்! "உருகிப்போன உடம்பு. நெய் சேத்துக்கங்க, தேறிரும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார் மனிதர். நெய்யாம்! சேர்த்துக்கொள்ளவேண்டுமாம்!

எனக்கு? "வாத்தியாரே, உங்க கதை வேற. உங்களுக்கு இன்சுலின் ஊறத்தான் செய்யுது. இம்புட்டு உடம்புல அது எடுபடல. நூத்தித் தொண்ணூறு பவுண்டு இருக்கீங்க. இருபத்தஞ்சு பவுண்டு கொறைங்க, பாதி வியாதி போயிரும். ரெண்டு கைப்பிடி சோறு, கீரை, அவரைக்கா, தண்ணி மோரு. நெய்யக் கண்ணால பாக்கக்கூடாது."

"நெய்யில சர்க்கரை இல்லையே டாக்டர்?" என்றேன். இரண்டு வருஷமாக அந்த ஒரு ஞானத்தை நம்பித்தான் உயிர் வாழ்ந்தேன். சோற்றைக் குறைத்துவிட்டு, சப்பாத்தி சுட்டு அதன் தலையில் நெய்யை ஊற்றித் தின்றுகொண்டிருந்தேன். இனிப்பு இல்லை, ஆகவே பத்தியம்!

"சர்க்கரை இல்ல. ஆனா எடைக்கு எடை பாத்தா அரிசியப் போல ரெண்டு பங்குக்கு மேல சக்தி இருக்கு அதுல. அது உங்க இடுப்புல போய் உக்காந்திருக்கு. இருக்கிறதக் கரைக்கிற வழியப் பாப்பமா, இன்னும் சேப்பமா?"

"அப்படின்னா எனக்கும் ஒரு ஊசி போட்டு விட்டுருங்களேன்…"

"போட்டா நல்லாப் பசி எடுக்கும், நல்லாத் தின்பீங்க, இன்னும் குண்டாவீங்க. வேணாம்."

இதில் நியாயம் இருக்கிறதா இல்லையா? மூளைக்கு இருக்கிறது. வயிற்றுக்கு இல்லை. ஒரே வியாதி, ஒரே டாக்டர், ஒரே மாமியார் — ஒருத்தனுக்கு நெய், ஒருத்தனுக்குக் கீரைத்தண்டு!

சரி, பத்தியத்தோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. நம் ஊரில் உடம்பு போட்டால் மரியாதை, இளைத்தால் விசாரணை. நான் நாக்கைக் கட்டி, வாயைக் கட்டி, ஏழு மாதத்தில் பதினைந்து பவுண்டு குறைத்தேன். யாராவது பாராட்டினார்களா? "என்னண்ணே, இப்படி வத்திப்போயிட்டீங்க? வீட்ல ஏதும் பிரச்சனையா?" என்று வழியில் நிறுத்திக் கேட்டார்கள். செல்லையாவோ எண்பத்தைந்து பவுண்டிலிருந்து நூற்றுப் பதினெட்டுக்கு ஏறினார். கன்னம் பளபளத்தது. "மாப்ள பூரிச்சிட்டாருல்ல!" என்று ஊரே கண் விரியப் பார்த்தது.

இன்னொரு பரீட்சையும் எங்கள் இருவருக்கும் உண்டு. நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, டியூபைக் கொதிக்கவைக்கவேண்டும். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், அப்புறம் செங்கல் நிறம். மாதாமாதம் டாக்டர் வீட்டில் இரண்டு டியூபும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நெய் தின்கிறவர் டியூப் நீலம். கீரை தின்கிற என் டியூப் மஞ்சள்! பள்ளிக்கூடத்தில் பையன்கள் ரிப்போர்ட் வாங்கும்போது பக்கத்துப் பையனுடைய மார்க்கை ஏன் எட்டிப் பார்க்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆடி மாதத்தில் ஒருநாள் டாக்டர் செல்லையாவிடம் சொன்னதுதான் உச்சம். "சட்டைப்பையில எப்பவும் ஒரு பொட்டலம் சீனி வச்சுக்கங்க. ஊசி போட்டுட்டுச் சாப்பாடு தாமதமானா, இல்ல அதிகமா சைக்கிள் மிதிச்சா, ரத்தத்துல சர்க்கரை ரொம்ப எறங்கிரும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு ஒளறும். உடனே சீனியக் கரைச்சுக் குடிச்சிரணும். மயங்கி விழுந்துட்டா வாயில ஊத்தக்கூடாது, பொரையேறிரும். மயங்குறதுக்கு முன்னாடி குடிக்கணும், ஞாபகம் வச்சுக்கங்க."

சர்க்கரை வியாதிக்காரனுக்குச் சட்டைப்பையில் சீனி! வைத்தியமே சொல்கிறது! பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், காப்பியில் சீனி போட்டு இரண்டு வருஷமான பாவி.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற சமாச்சாரம் இல்லை.

புரட்டாசியில் பாக்கியம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். "மச்சான், இந்த அநியாயத்தக் கேளுங்க. அவரு சட்டையத் தொவைக்க எடுத்தா பையில சீனிப் பொட்டலம்! திருட்டுத்தனமா தின்னுக்கிட்டிருக்காரு. கேட்டா, டாக்டர் சொன்னாருன்னு புளுகுறாரு. எந்த டாக்டராச்சும் சீனி வியாதிக்காரனுக்குச் சீனி தின்னச் சொல்லுவாரா? உங்களுக்கும் அதே டாக்டர்தான… உங்களுக்குச் சொன்னாரா?"

"எனக்குச் சொல்லலையே" என்றேன்.

உண்மைதானே? எனக்குச் சொல்லவில்லை. அவருக்குத்தான் சொன்னார்.

"நான் கண்டா கண்ட எடத்துல அடுப்புல போட்டுர்றேன் மச்சான்."

"நல்ல காரியம் செஞ்ச" என்றேன். வாய் தவறி அல்ல. நன்றாகத் தெரிந்தேதான் சொன்னேன். நெய்யும் அவருக்கே, சீனியும் அவருக்கே என்றால் எப்படி? ஒன்றாவது போகட்டுமே என்று மனசு குளிர்ந்தது. அந்த அற்பக் குளிர்ச்சிக்குத்தான் போன ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல நேர்ந்தது.

அன்று என் மைத்துனன் முத்துச்சாமியின் பையனுக்குக் காதுகுத்து. கிடா வெட்டி விருந்து. என் மாமியார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பந்தியில் மாப்பிள்ளைகள் உட்காரவேண்டும். மூத்த மாப்பிள்ளை இலையில் கை வைத்தால்தான் மற்றவர்கள் கை வைக்கலாம். எத்தனை பெரிய மனிதர் வந்திருந்தாலும் சரி, எவ்வளவு பசித்தாலும் சரி. மூத்த மாப்பிள்ளை யார்? நான்தான். நெய்யும் போய், சீனியும் போய், எனக்கென்று அந்த வீட்டில் மிச்சம் இருந்த ஒரே கௌரவம் அது.

செல்லையா அன்றைய காலை ஊசியைப் பந்திக்கென்று தள்ளிவைத்துவிட்டு, விடிந்ததுமே கால்வாயில் மதகு பார்க்கப் போய்விட்டு, அங்கிருந்து சைக்கிளிலேயே வந்து இறங்கினார். புதுச் சட்டை மாற்றிக்கொண்டார். உள்ளே அவருக்கு உபசாரம் ஆரம்பித்தது. ஊசியை வெந்நீரில் கொதிக்கவைக்க ஒருத்தி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சை நீட்ட ஒருத்தி, மண்பானையில் குளிர்ச்சியாக வைத்திருந்த மருந்துக் குப்பியை எடுத்துக் கொடுக்க என் மாமியார். யுத்தம் வந்ததிலிருந்து கப்பல் வந்தால்தான் அந்த மருந்து. ஆகவே அதை ஏதோ விபூதிப் பிரசாதம் போல இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்கள். எனக்கோ, வரும்போதே "அண்ணனுக்குக் கீரை வேக வச்சாச்சா?" என்று ஒரு குரல். அவ்வளவுதான் உபசாரம்.

"மச்சான், அவருக்கு ஊசி போட்டாச்சு. இலை போட்டாச்சு. வாங்க" என்று பாக்கியம் கூப்பிட்டாள்.

பந்தலுக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு இலை பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் கீரை, இரண்டு கைப்பிடி சோறு. மற்றொன்றின் பக்கத்தில் ஒரு செம்பு நிறைய உருக்கின நெய். முருங்கைக்கீரை போட்டுப் பதமாக உருக்கின நெய்… அந்த வாசனை வாசல் வரைக்கும் வந்தது.

அதே சமயம் வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். "வாத்தியாரே, சண்டை எங்கிட்டு நடக்குது? ஜெர்மன்காரன் நம்ம ஊருக்கு எம்புட்டுத் தூரத்துல இருக்கான்?"

மற்ற நாளாக இருந்தால் "ரொம்பத் தூரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பேன். அன்று ஒரு குச்சியை எடுத்தேன். மணலில் ஐரோப்பாவை வரைய ஆரம்பித்தேன். செல்லையாவுக்கு ஏதாவது ஆகவேண்டும் என்று நினைத்தேனா? இல்லை. கொஞ்சம் பசிக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு ஒரு வருஷமாகப் பசிக்கிறதே, அவருக்கு ஒரு அரை மணி பசித்தால் என்ன? அரை மணிக் கணக்கு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் இங்கிலாந்தை இரண்டு தரம் அழித்து வரைந்தேன்.

முத்துச்சாமி வந்து கூப்பிட்டான். "வாரேன், வாரேன்" என்றேன். காமாட்சி வந்து நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். கப்பல்கள் வருகிற பாதையைக் கூடப் போட்டேன். பெரியவர்களுக்கு ஏக சந்தோஷம். நிழல் நன்றாகச் சாய்ந்துவிட்டது.

உள்ளே திடீரென்று ஒரு சத்தம்.

"டேய்! மதகை எறக்குங்கடா! தண்ணி கரையேறுது… எறக்குடா!"

செல்லையாவின் குரல். ஓடிப்போய்ப் பார்த்தேன். இலையின் முன்னால் எழுந்து நின்றுகொண்டு கையை வீசிக் கத்துகிறார். புதுச் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. கண் யாரையும் பார்க்கவில்லை. நெய்ச்செம்பைத் தட்டிவிட்டார், நெய் பந்தி நெடுக ஓடுகிறது.

"வர்ற வழியில கள்ளு குடிச்சிருக்காப்ல" என்றார் ஒருவர். "கால்வாய்க் கரையில காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்றார் இன்னொருவர். மாமியார் திருநீறு எடுக்க ஓடினார்கள். யாரோ வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்தார்கள்.

எனக்கு மட்டும் தெரிந்தது. வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு உளறும்… பொறாமையினால் ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் ஆகியிருந்த பாடம். மயங்கி விழுந்தால் முடிந்தது. டவுனுக்குப் பஸ் சாயங்காலம்தான். அவர் சட்டைப்பையில் கையை விட்டேன். காலி!

காதுகுத்துச் சீர்த்தட்டில் அச்சுவெல்லம் இருந்தது. இரண்டை எடுத்து உடைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கையாலேயே கரைத்தேன். கொண்டுபோய் அவர் வாயருகே வைத்தேன்.

பாக்கியம் பாய்ந்து வந்து டம்ளரைத் தட்டிவிட்டாள்.

"என்ன மச்சான் செய்யிறீங்க? சீனி வியாதிக்காரனுக்கு வெல்லத் தண்ணியா? கொல்லப் பாக்குறீங்களா?"

"பாக்கியம், இது ஊசியினால வந்தது. இப்ப இனிப்புக் குடுத்தாத்தான் பொழைப்பாரு. டாக்டர் சொன்னாரு!"

"சொல்லலைன்னு நீங்கதான சொன்னீங்க? சீனிய அடுப்புல போட்டது நல்ல காரியம்னு நீங்கதான மச்சான் சொன்னீங்க?"

முத்துச்சாமி என் இரண்டு கையையும் பின்னால் பிடித்துக்கொண்டான். "தள்ளி நில்லுங்க மச்சான். உங்களுக்கு அவரக் கண்டா ஆகாதுன்னு ஊருக்கே தெரியும்" என்றான். ஊருக்கே தெரியுமாம்! நான் யாருக்கும் தெரியாது என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்?

செல்லையா தொப்பென்று உட்கார்ந்தார். தலை சாய்கிறது. என்னென்னவோ சொன்னேன். இன்சுலின் என்றேன், ரத்தம் என்றேன். ஜாக்ரபி வாத்தியார் டாக்டர் பேச்சுப் பேசினால் யார் கேட்பார்கள்? ஒருத்தர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. அப்போதுதான் கத்தினேன்.

"ஆமா! எனக்குப் பொறாமைதான்! அவரு நெய் ஊத்திச் சாப்பிடுறது எனக்குப் பொறுக்கல. ஊசி போட்டு அரை மணிக்குள்ள சாப்பிடணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வெளியில நின்னேன். பசியில கெடக்கட்டும்னுதான் நின்னேன். பையில சீனி வைக்கச் சொன்னதும் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பாக்கியத்துக்கிட்ட மறைச்சேன். சோறு போகாம ஊசி மட்டும் போனதாலதான் அவரு இப்படிக் கெடக்காரு. இதுக்கு நான்தான் காரணம். கொல்லணும்னா நான் இப்பச் சும்மா நின்னாலே போதும்!"

நாற்பது பேரும் இலையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

நல்லதைச் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. கெட்டதைச் சொன்னவுடனே நாற்பது பேரும் நம்பிவிட்டார்கள்! உலகம் எப்போதுமே இப்படித்தானா, அல்லது என் முகராசியா?

முதலில் அசைந்தவள் என் மனைவி. புதிதாக வெல்லம் கரைத்து எடுத்துக்கொண்டு தங்கையிடம் போனாள். "தள்ளுடி. இவரு பொய் சொல்றப்ப மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது பொய்யில்ல" என்றாள். செல்லையாவின் தலையை மடியில் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தாள். கடைவாயில் பாதி வழிந்தது. பாதி உள்ளே போயிற்று. இன்னொரு டம்ளர்.

முத்துச்சாமி என் கையை விடவே இல்லை. எத்தனை நிமிஷம் போயிற்றோ, தெரியாது. பரீட்சை ஹாலில் மணி பார்த்துப் பழகிய எனக்கே கணக்குத் தப்பிவிட்டது. நடுக்கம் முதலில் நின்றது. பிறகு வேர்வை நின்றது. செல்லையா கண்ணைத் திறந்து, தன்னைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"என்ன… பந்தி இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.

பாக்கியம் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சோற்றைப் பிசைந்து அவர் வாயில் ஊட்டினாள். மாமியார் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்கள். "இனிமே இந்த வீட்ல எளைய மாப்ள கை வச்சப்புறம்தான் பந்தி. மூத்தவரு எப்ப வேணும்னாலும் வரட்டும்."

பதவி போயிற்று. நான் கையைக் கூட நனைக்காமல் பின்கட்டுக்குப் போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டேன். அன்று பந்தியில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. அதற்கும் கோபம் வரவில்லை. கோபம் வராத அளவுக்கு வெட்கம் வந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் செல்லையா சொல்லியனுப்பினார். உள் அறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

"தம்பி…" என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. மாணவர்களுக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நான் கேட்டுப் பழக்கமில்லை.

"பாக்கியம் எல்லாம் சொல்லுச்சுண்ணே" என்றார். "எனக்கு முன்னாடியே தெரியும். ஒரு வருஷமா என் இலையவே பாத்துக்கிட்டிருக்கீங்க. தெரியாதா?"

"தெரிஞ்சா, எனக்காக ஏன் காத்துக்கிட்டிருந்தீங்க? அடுப்படியில போய் ஒரு பிடி சோறு கேட்டு வாங்கித் தின்னிருக்கலாமே?"

"கேட்டிருக்கலாம். உங்க முன்னாடி கேக்க வீம்பு. ஊசிக்காரன், சோத்துக்குப் பறக்குறான்னு நெனப்பீங்கன்னு உக்காந்திருந்தேன்."

பிறகு அவர் மெல்லச் சொன்னார்.

"அண்ணே, நான் படுத்து எந்திரிச்சதுல இருந்து என்னயப் பாக்குற சனம் பூராம் ஒரே மாதிரித்தான் பாக்குது. பாவம், இன்னும் எம்புட்டு நாளைக்கோன்னு. எங்காத்தா அப்படித்தான் பாக்குது. பாக்கியம் அப்படித்தான் பாக்குது. ஆபீஸ் பியூன்கூட. நெய் ஊத்துறப்பகூட, இருக்கிற வரைக்கும் தின்னட்டும்னு ஊத்துற மாதிரித்தான் இருக்கும். நீங்க ஒருத்தர்தாண்ணே என்னய வயிறெரிஞ்சு பாத்தது. சாகப்போறவனப் பாத்து யாராச்சும் வயிறெரிவாங்களா? உங்க மூஞ்சியப் பாக்குறப்பல்லாம், சரிடா செல்லையா, நீ பொழச்சுக்கிட்டடான்னு எனக்குத் தெம்பா இருக்கும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை நன்றாகச் சதை பிடித்து, வெதுவெதுப்பாக இருந்தது.

"சோத்துக்கு மட்டும் நேரத்துக்கு வந்துருங்க. மத்தபடி, அதை நிறுத்திறாதீங்கண்ணே" என்றார்.

வாக்குக் கொடுத்திருக்கிறேன். காப்பாற்றுவதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்காது!